இன்டேக்கில் கரியும் ஆயிலும் கலந்த பசை: அறிகுறி பார்த்துக் கண்டுபிடிக்கும் வழி

டீசல் வண்டியில் இழுவை குறைந்துவிட்டது என்று கொண்டுபோனால், "இன்டேக் அடைச்சிருக்கு, கழட்டிக் கழுவணும்" என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் பதில். பதிலில் தவறில்லை. கழுவினால் வண்டி இழுக்கும். ஆனால் எதனால் அடைத்தது என்று பார்க்காமல் கழுவிய மேனிஃபோல்டு (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் குழாய்த் தொகுதி) சீக்கிரமே மறுபடி அடைத்துக்கொள்ளும், செலவு இரண்டாவது முறையும் வரும்.

உள்ளே சேர்வது வெறும் கரி அல்ல, தார் போன்ற கறுப்புப் பசை. இரண்டு வழிகளில் வரும் இரண்டு பொருள்கள் ஒன்று சேரும்போதுதான் அது உருவாகிறது. ஒன்று, ஈ.ஜி.ஆர். வால்வு வழியாக எஞ்சினுக்கே திரும்பி வரும் புகையில் உள்ள கரித்தூள். மற்றது, ஆயில் ஆவி. பிஸ்டன் ரிங்கைத் தாண்டி எஞ்சினின் அடிப்பகுதியான கிராங்க் கேஸுக்குள் இறங்கும் வாயு பிரீதர் குழாய் வழியாக காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவுக்கு முன்னால் வந்து சேர்கிறது. வரும்போது ஆயிலையும் கூட்டிக்கொண்டு வருகிறது. கரி தனியாக வந்தால் உலர்ந்த தூளாகவே இருக்கும், பெரும்பகுதி காற்றோடு எஞ்சினுக்குள் போய்விடும். ஆயில் தனியாக வந்தால் சுவரில் மெல்லிய ஈரமாகப் படியும், அவ்வளவுதான். இரண்டும் சேர்ந்தால் மாவில் எண்ணெய் விட்டுப் பிசைந்ததுபோல் ஒட்டிக்கொள்கிறது. ஆகவே ஸ்பானரைக் கையில் எடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இந்த வண்டியில் அளவுக்கு மிஞ்சி வருவது கரியா, ஆயிலா?

சென்னை ஓட்டம் இதற்கு ஏற்றபடியே அமைந்திருக்கிறது. ஈ.ஜி.ஆர். வால்வு ஐட்லிங்கிலும் குறைந்த சுமையிலும்தான் அதிகம் திறந்திருக்கும். ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தால் மூடிக்கொள்ளும். காலை ஒன்பது மணிக்கு அண்ணா சாலையில் சிக்னலுக்குச் சிக்னல் நகரும் வண்டியில் அந்த வால்வு கிட்டத்தட்டப் பயணம் முழுக்கத் திறந்தே இருக்கிறது. அதே வண்டி பெங்களூருக்குப் போய்வந்தால் இந்தத் தொல்லை பாதிகூட இருக்காது.

முதலில் எடுக்க வேண்டிய அளவுகள்

கைபேசியோடு புளூடூத்தில் இணையும் சாதாரண ஓ.பி.டி. ஸ்கேனர் (வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி) ஒன்று போதும். பிழைக் குறியீட்டைப் படித்து உடனே அழித்துவிடாதீர்கள். முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு லைவ் டேட்டாவில் நான்கு அளவுகளைப் பாருங்கள்.

சாவி ஆன், எஞ்சின் ஆஃப் நிலையில், இன்டேக் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் காட்டும் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தமாகவே இருக்க வேண்டும். சென்னை கடல்மட்டத்தில் இருப்பதால் அது சுமார் 100 கிலோபாஸ்கல். 95 அல்லது 106 என்று காட்டினால் மேப் சென்சாரின் முனை கரியால் மூடியிருக்கிறது, அல்லது சென்சாரே கெட்டிருக்கிறது. இதைச் சரிசெய்யாமல் மேலே போனால் அடுத்து வரும் எந்த அளவையும் நம்ப முடியாது.

இரண்டாவது, கூலன்ட் வெப்பம். ஓடத் தொடங்கிப் பதினைந்து நிமிடத்துக்குள் 80 டிகிரியைத் தாண்ட வேண்டும். திறந்த சாலையில் வேகமாகப் போகும்போது சரிந்து கீழே வரக்கூடாது. சரிந்தால், கூலன்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது "இந்த ஊர் வெயிலுக்கு அது எதற்கு" என்று யாரோ கழற்றிப் போட்டிருக்கிறார்கள். இது இங்கே மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் குளிர்ச்சியாகவே ஓடும். எரிதல் முழுமையடையாமல் கரி கூடும், ஆயிலில் சேரும் ஈரமும் டீசலும் ஆவியாகாமல் தங்கும். பசைக்கு வேண்டிய இரண்டு பொருளையும் ஒரே நேரத்தில் கூட்டுகிற குறை இது. அதனால்தான் முதல் சோதனைகளிலேயே இது வருகிறது.

மூன்றாவது, மாஃப் சென்சார் காட்டும் காற்றின் அளவு. எவ்வளவு இருக்க வேண்டும் என்று நீங்களே கணக்குப் போடலாம். எஞ்சினின் லிட்டர் அளவை ஆர்.பி.எம்.மால் பெருக்கி 120ஆல் வகுத்தால் விநாடிக்கு எத்தனை லிட்டர் காற்றை இழுக்கும் என்று கிடைக்கும். நம் வெயிலில் ஒரு லிட்டர் காற்று சுமார் 1.1 கிராம், சிலிண்டர் நிரம்பும் அளவைப் பத்தில் ஒன்பது பங்கு என்று கொள்ளலாம். 1,248 சி.சி. எஞ்சின் 800 ஆர்.பி.எம்.மில் ஐட்லிங் ஆகும்போது, ஈ.ஜி.ஆர். முழுதாக மூடியிருந்தால், விநாடிக்கு 8 கிராமை ஒட்டி வர வேண்டும். ஈ.ஜி.ஆர். திறந்திருக்கும்போது புகை இடம் பிடித்துக்கொள்வதால் இது தெளிவாகக் குறையும். நான்காவது அளவு, ஈ.சி.யு. (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) ஈ.ஜி.ஆர். வால்வை எத்தனை சதவீதம் திறக்கச் சொல்கிறது என்பது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். திறக்கச் சொல்லும் சதவீதம் மாறும்போது காற்றின் அளவும் மாறினால் வால்வு அசைகிறது. மாறவில்லை என்றால் வால்வு ஒட்டிக்கொண்டிருக்கிறது. சுழியம் என்று சொல்லியும் 5 கிராமே வருகிறது என்றால் வால்வு முழுதாக மூடவில்லை, அல்லது வழி அடைத்திருக்கிறது.

அறிகுறி: சிக்னலில் கிளம்பும்போது இழுவை இல்லை, மிதித்தால் கறுப்புப் புகை

1,800 ஆர்.பி.எம்.முக்குக் கீழே சோர்ந்து கிடந்து, அதற்கு மேலே போனதும் ஓரளவு தேறிவிடும் வண்டி. ஈ.ஜி.ஆர். வால்வின் இருக்கையில் கரி உட்கார்ந்து அது மூடாமல் நிற்பதுதான் முதல் சந்தேகம். குறைந்த வேகத்தில் டர்போ இன்னும் காற்றைத் தள்ளத் தொடங்கியிருக்காது. வருகிற கொஞ்சக் காற்றிலும் புகை கலந்தால் டீசல் எரிய ஆக்சிஜன் போதாது. பி0402 (ஈ.ஜி.ஆர். புகை மிகுதி) அல்லது பி0404 (ஈ.ஜி.ஆர். சரியாக இயங்கவில்லை) குறியீடு வந்திருக்கலாம். எதுவும் வராமலும் இருக்கலாம்.

ஈ.ஜி.ஆர். வால்வை மட்டும் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலான எஞ்சின்களில் இரண்டு முதல் நான்கு போல்ட்தான். இருக்கையைச் சுத்தம் செய்தபின் வால்வைத் தலைகீழாகப் பிடித்து, மூடிய நிலையில் மேலே கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றிப் பாருங்கள். ஒரு நிமிடம் நின்றால் வால்வு நன்றாக மூடுகிறது. ஒழுகிப்போனால் இருக்கை தேய்ந்துவிட்டது, வால்வை மாற்ற வேண்டும். பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் பழைய வால்வு வாங்குபவர்களும் இதே சோதனையைக் கடையிலேயே செய்துவிட்டுப் பணம் கொடுப்பது நல்லது. வால்வின் மோட்டார் பக்கத்தில் கிளீனர் அடிக்காதீர்கள். உள்ளே இருக்கும் சர்க்யூட் போய்விடும்.

வால்வில் படிந்திருப்பது உலர்ந்து, தட்டினால் செதிலாக உதிரும் கரியா, அல்லது பளபளவென்று விரலில் ஒட்டுகிற கசடா என்று கவனியுங்கள். உலர்ந்திருந்தால் மிகுதி கரி. இன்ஜெக்டர் சரியாகத் தூவுகிறதா, எஞ்சின் சூடாகிறதா, ஏர் ஃபில்டர் எப்படியிருக்கிறது என்ற பக்கம் போக வேண்டும். ஈரமாகப் பளபளத்தால் ஆயில் மிகுதி. கீழே ஆயில் பகுதிக்குப் போங்கள்.

அறிகுறி: மேல் வேகத்தில் மூச்சு முட்டுகிறது

கீழே நன்றாகக் கிளம்பி, 2,500க்கு மேல் போகப் போக இழுவை மங்குகிறது. பைபாஸில் லாரியை முந்த மிதித்தால் வண்டி லிம்ப் மோடுக்கு (சக்தியைக் குறைத்துக்கொண்டு மெல்ல ஓடும் காப்பு நிலை) போய்விடுகிறது. இது முந்தையதற்கு நேர் எதிரான அறிகுறி. இங்கே குறை வழியின் குறுக்களவில் இருக்கிறது, அல்லது டர்போ தள்ளிய காற்று எங்கோ வெளியேறுகிறது. பி0299 (டர்போ அழுத்தம் குறைவு) வந்திருந்தால் கசிவை முதலில் பாருங்கள். மேனிஃபோல்டைக் கழற்றுவதைவிட அது எளிது, அடிக்கடி காரணமும் அதுதான்.

டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரோடு சேரும் ரப்பர் ஹோஸ்கள் உள்ளே ஆயில் பட்டுப் பட்டு மெதுவாக ஊறி மென்மையாகிவிடும். கிளிப் இறுக்கமாக இருப்பதுபோல் தெரியும். அழுத்தம் ஏறும்போது மட்டும் விளிம்பு விரிந்து காற்று போகும். ஹோஸின் வெளிப்பக்கம் ஆயில் பூத்திருக்கும் இடம்தான் கசியும் இடம். உறுதிசெய்ய, டர்போவின் உள்வாயை அடைத்துவிட்டு ரெகுலேட்டர் வைத்து 0.5 பார் காற்றை மட்டும் கொடுத்து, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். ஐட்லிங்கில் இந்தச் சோதனை பலிக்காது, அப்போது டர்போ அழுத்தமே தருவதில்லை.

கசிவு இல்லை, ஃபில்டர் சுத்தம், ஈ.ஜி.ஆர். மூடுகிறது, காற்றளவு மட்டும் கணக்கைவிடக் குறைவு. இந்த நான்கும் சேர்ந்தால் மேனிஃபோல்டைக் கழற்றத்தான் வேண்டும்.

அறிகுறி: ஐட்லிங் ஆடுகிறது, சாவியை அணைத்தால் வண்டி குலுங்கி நிற்கிறது

டீசலில் உள்ள த்ராட்டில் தகடு பெட்ரோல் வண்டியில் உள்ளதுபோல் வேகத்தைக் கட்டுப்படுத்துவதற்கு அல்ல. ஈ.ஜி.ஆர். புகையை இழுக்க உதவுவதும், சாவியை அணைத்ததும் மூடி எஞ்சினைக் குலுக்காமல் நிறுத்துவதும் அதன் வேலை. நிறுத்தும்போது மட்டும் குலுக்கல் புதிதாக வந்திருந்தால் அந்தத் தகட்டின் விளிம்பில் பசை சேர்ந்திருக்கிறது. பஞ்சு அல்லது மென்மையான துணியில் கிளீனரை நனைத்துத் துடைத்தால் போதும். சாவி ஆனில் இருக்கும்போது தகட்டை விரலால் தள்ளாதீர்கள், உள்ளே உள்ள பல்சக்கரம் பிளாஸ்டிக். துடைத்தபின் ஸ்கேனரில் த்ராட்டில் அடாப்டேஷன் (தகட்டின் நிலையை ஈ.சி.யு.வுக்கு மறுபடி பழக்குவது) செய்யாவிட்டால் சில வண்டிகளில் ஐட்லிங் முன்பைவிட மோசமாகும்.

அறிகுறி: ஹோஸ், இன்டர்கூலர் எல்லாம் ஆயிலில் நனைந்திருக்கிறது

இன்டேக் ஹோஸைக் கழற்றியதும் உள்ளே ஆயில் தெரிந்தால் உடனே "டர்போ போச்சு" என்று முடிவு கட்டுகிறார்கள். அவசரப்பட வேண்டாம். மூடிய பிரீதர் உள்ள எந்த டீசலிலும் ஹோஸின் சுவரில் மெல்லிய ஆயில் படலம் இருக்கத்தான் செய்யும். இன்டர்கூலரின் அடி ஹோஸைக் கழற்றிச் சாய்த்தால் ஓரிரு ஸ்பூன் வந்தாலும் பரவாயில்லை. ஒரு டீ கிளாஸ் அளவு வழிந்தால் காரணம் தேட வேண்டும். தேடும் வரிசை முக்கியம். விலை குறைந்ததிலிருந்து தொடங்குங்கள்.

டிப்ஸ்டிக். சமதளத்தில் நிறுத்தி எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். ஆயில் மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் காரணம் பெரும்பாலும் இங்கேயே கிடைத்துவிட்டது. கூடுதல் ஆயிலைக் கிராங்க் அடித்துத் தூவி ஆவியாக்கும், பிரீதர் அதை இன்டேக்குக்கு அனுப்பும். சர்வீஸில் "கொஞ்சம் கூடவே ஊத்திட்டேன்" என்பது நன்மை அல்ல. இரண்டு கோட்டுக்கும் நடுவில், முக்கால் பங்கில் நிற்பதே சரி.

ஏர் ஃபில்டர். மெட்ரோ வேலை நடக்கும் சாலைகளில் தினமும் போய்வரும் வண்டிக்குக் கம்பெனி சொல்லும் கிலோமீட்டர் வரை ஃபில்டர் தாங்காது. அடைத்த ஃபில்டருக்குப் பின்னால் உறிஞ்சல் கூடும். அது பிரீதரிலிருந்தும் டர்போவின் கம்ப்ரஸர் பக்க சீலிலிருந்தும் ஆயிலை இழுக்கும். டர்போவில் ஒரு குறையும் இல்லாமலேயே ஹோஸ் நனையும். காற்றடித்துச் சுத்தம் செய்வதை ஒருமுறைக்கு மேல் செய்யாதீர்கள், தாளின் நார் கிழிந்து தூசி உள்ளே போகும்.

பிரீதரின் ஆயில் பிரிப்பான். வால்வ் கவரிலோ அதன் பக்கத்திலோ இருக்கும். கசடு அடைத்தாலும், உள்ளிருக்கும் ரப்பர் சவ்வு கிழிந்தாலும் ஆயில் பிரியாமல் அப்படியே போகும். சோதிக்கச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. ஒரு மீட்டர் தெளிவான பிளாஸ்டிக் குழாயை யு வடிவில் வளைத்துப் பாதி தண்ணீர் விட்டு, ஒரு முனையை டிப்ஸ்டிக் துளையில் காற்றுப் போகாமல் பொருத்தி ஐட்லிங்கில் பாருங்கள். தண்ணீர் மட்டம் அசையாமலோ, சில சென்டிமீட்டர் எஞ்சின் பக்கமாக இழுபட்டோ இருந்தால் நல்லது. எதிர்ப்பக்கம் தள்ளினால் கிராங்க் கேஸில் அழுத்தம் தேங்குகிறது. பிரிப்பானைச் சுத்தம் செய்து அல்லது மாற்றிப் பார்த்தும் தள்ளுகிறது என்றால் ரிங் தேய்ந்து புளோ-பை (ரிங்கைத் தாண்டி இறங்கும் வாயு) கூடியிருக்கிறது. அதற்குக் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்க வேண்டும். மேனிஃபோல்டு கழுவுவதால் ஒரு பயனும் இல்லை.

இவ்வளவும் சரியாக இருந்தால்தான் டர்போ. எஞ்சின் ஆறியபின் உள்வாயில் விரல்விட்டுச் சக்கரத்தை ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் சிறு ஆட்டம் இருப்பது இயல்பு. முன்னும் பின்னும் அசைவது கையில் தெரிந்தாலோ, இலைகள் கூட்டில் உரசிய தடம் இருந்தாலோ டர்போவுக்கு வேலை வந்துவிட்டது. டர்போவை மாற்றுபவர்கள் ஆயில் திரும்பும் குழாயைக் கட்டாயம் சுத்தம் செய்யுங்கள். அது பாதி அடைத்திருந்தால் புது டர்போவும் ஆயில் கக்கும்.

அறிகுறி: டி.பி.எஃப். விளக்கு அடிக்கடி, டிப்ஸ்டிக்கில் ஆயில் ஏறுகிறது

2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ்.6 டீசல்களில் இந்த ஜோடியைப் பார்க்கலாம். புகையில் உள்ள கரியைப் பிடிக்கும் ஃபில்டர்தான் டி.பி.எஃப். அதில் சேர்ந்த கரியை எரிக்க ஈ.சி.யு. கூடுதலாக டீசலை விட்டு, புகைக்குழாயைச் சுமார் 600 டிகிரிக்குச் சூடாக்குகிறது. பத்து, இருபது நிமிடம் நிற்காமல் ஓடினால்தான் அது முடியும். பாதியில் வண்டியை அணைத்தால் எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஆயிலில் கலக்கிறது. மட்டம் ஏறுகிறது, ஆயில் நீர்த்துப்போகிறது, ஆவி கூடுகிறது, இன்டேக் நனைகிறது. ஆயில் குறையவில்லையே என்று மகிழ்ந்துவிடாதீர்கள். ஏறுவது குறைவதைவிட ஆபத்து. ஐட்லிங் வழக்கத்தைவிடச் சற்றுக் கூடி, ரேடியேட்டர் ஃபேன் பலமாகச் சுற்றினால் எரிப்பு நடக்கிறது என்று பொருள். அந்த நேரம் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டாலும் இன்னொரு சுற்று ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். மட்டம் மேல் கோட்டைத் தாண்டிவிட்டால் கொஞ்சம் வடிப்பது போதாது, ஆயிலை முழுதாக மாற்ற வேண்டும்.

அறிகுறி: ஆயில் மூடியின் அடியில் வெண்ணிறக் குழம்பு

ஐப்பசி, கார்த்திகை மழைக் காலத்தில், தினம் மூன்று நான்கு கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டிகளில் வரும். ஈரம் ஆவியாகும் அளவு எஞ்சின் சூடாகவில்லை. கூலன்ட் அளவு குறையாமல் இருந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டாம். அரைமணி நேரம் ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள், தெர்மோஸ்டாட்டையும் பாருங்கள்.

அறிகுறி: டைரக்ட் இன்ஜெக்ஷன் பெட்ரோல் வண்டி, காலையில் மிஸ்ஸிங்

இங்கே கரியைவிட ஆயில் ஆவிக்கே பங்கு அதிகம். பழைய முறையில் இன்டேக் போர்ட்டில் தூவிய பெட்ரோல் வால்வின் முதுகைக் கழுவிக்கொண்டே இருக்கும். நேராகச் சிலிண்டருக்குள் தூவும் எஞ்சினில் அந்தக் கழுவல் இல்லை; ஆயில் ஆவி சூடான வால்வில் படிந்து கருகி மேடாகிறது. காலையில் முதல் ஒரு நிமிடம் ஆட்டம், பி0300 (மிஸ்ஸிங் குறியீடு), சூடானதும் சரி என்பது அடையாளம். டேங்கில் ஊற்றும் அடிட்டிவ் இதற்கு உதவாது. இன்ஜெக்டரைச் சுத்தம் செய்யலாம், வால்வின் முதுகுக்கு அது போய்ச் சேரும் வழியே இல்லை. மேனிஃபோல்டை எடுத்து, வால்வு மூடிய சிலிண்டரில் மட்டும் வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றில் அடித்து உறிஞ்சுவதுதான் நம்பகமான முறை.

அறிகுறி: சாவியை எடுத்தும் டீசல் எஞ்சின் நிற்காமல் வேகம் ஏறுகிறது

இன்டர்கூலரில் தேங்கிய ஆயிலையே எரிபொருளாக எடுத்துக்கொண்டு ஓடுகிறது. கியர் வண்டி என்றால் பிரேக்கை முழுதாக மிதித்துக்கொண்டு உயர்ந்த கியரில் போட்டுக் கிளட்சை விட்டு அணைத்துவிடுங்கள். முடியாவிட்டால் காற்று உள்ளே போகும் வாயைத் தட்டையான பலகையால் அடைக்க வேண்டும். கையையோ துணியையோ வைக்கக் கூடாது, இழுத்துக்கொள்ளும். எஞ்சின் ஓடும்போதே இன்டேக்கில் கிளீனரை அள்ளித் தெளிப்பதும், டீசல் ஊற்றிக் "கழுவுவதும்" இதே விபத்தை வரவழைக்கும். அந்த முறையில் உள்ளே இருக்கும் கட்டிகள் பெயர்ந்து வால்வுக்கும் டி.பி.எஃப்.புக்கும் போய்ச்சேரும் என்பது இன்னொரு காரணம்.

கழற்றிக் கழுவுவது

ஒரு முழுநாள் வேலை. எஞ்சின் நன்றாக ஆறட்டும், பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள், ஹோஸ்களையும் கனெக்டர்களையும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஈ.ஜி.ஆர். கூலரையும் எடுப்பதானால் கூலன்ட்டை வடிக்க வேண்டும். மேனிஃபோல்டு ஹெட்டை விட்டுப் பிரிந்த அந்த நொடியே எல்லா போர்ட்டையும் சுத்தமான துணியால் அடையுங்கள். எத்தனை துணி என்று எண்ணிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள், மூடும்போது அத்தனையும் வெளியே இருக்க வேண்டும். ஒரு கட்டிக் கரியோ ஒரு நட்டோ திறந்த வால்வு வழியாக விழுந்தால் ஹெட்டைக் கழற்றும் வேலையாக முடியும்.

சென்சார், ரப்பர் ஓ-ரிங், சுழல் தகடுகளை அசைக்கும் ஆக்சுவேட்டர் எல்லாவற்றையும் பிரித்த பிறகுதான் ஊறவைக்க வேண்டும். அலுமினிய மேனிஃபோல்டு என்றால் மரக்குச்சியாலோ பிளாஸ்டிக் தகட்டாலோ பெரும்பகுதியைச் சுரண்டிவிட்டு, இரவு முழுக்க மண்ணெண்ணெயிலோ டீசலிலோ ஊறவிடுங்கள். காலையில் பாட்டில் கழுவும் பிரஷால் தேய்த்தால் வந்துவிடும். காஸ்டிக் சோடா வேண்டவே வேண்டாம். கரியைக் கரைக்கிறது என்று பலர் பயன்படுத்துகிறார்கள். அது அலுமினியத்தையே அரிக்கும், அரிக்கும்போது தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயுவும் வரும். பிளாஸ்டிக் மேனிஃபோல்டுக்கு தின்னரும் பெட்ரோலும் ஆகாது. டிகிரீசரும் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீரும் போதும், நேரம்தான் கூடப் பிடிக்கும்.

கழுவிய தண்ணீரையும் மண்ணெண்ணெயையும் மழைநீர் வடிகாலில் ஊற்றாதீர்கள். அது கூவத்துக்கும் அடையாற்றுக்கும்தான் போகும். பழைய ஆயில் எடுப்பவரிடம் சேர்த்துக் கொடுத்துவிடலாம்.

ஹெட்டில் உள்ள போர்ட்களைச் சுரண்டும்போது எஞ்சினைக் கையால் சுற்றி, அந்தச் சிலிண்டரின் வால்வு மூடியிருப்பதை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். வாக்குவம் கிளீனரின் வாய் பக்கத்திலேயே இருக்கட்டும். மாஃப் சென்சாருக்கு அதற்கென்று விற்கும் கிளீனர் மட்டும், கம்பியைத் தொடக்கூடாது. மேப் சென்சாரை எலக்ட்ரானிக் கிளீனரில் நனைத்து உலரவிடுங்கள், துளைக்குள் ஊசி விடாதீர்கள்.

பூட்டும்போது பேக்கிங் எல்லாம் புதிது. பழையதைத் திருப்பிப் போட்டு சிலிகான் தடவினால், பிதுங்கும் சிலிகான் உள்ளே உடைந்து போகும். போல்ட்களை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக இரண்டு சுற்றில் இறுக்குங்கள். அளவு வண்டிக்கு வண்டி மாறும். அலுமினிய ஹெட்டில் எம்8 போல்ட்டுக்கு 20 முதல் 25, எம்6க்கு 8 முதல் 10 நியூட்டன் மீட்டர் என்பது பொதுவாகக் காணும் அளவு. உங்கள் எஞ்சினின் கையேட்டில் உள்ளதையே பின்பற்றுங்கள். இன்டர்கூலரை வடித்து உலர்த்தாமல் மாட்டினால் தேங்கிய ஆயில் சுத்தமான மேனிஃபோல்டுக்கே வந்து சேரும். ஈ.ஜி.ஆர்., த்ராட்டில் அடாப்டேஷன் முடித்து ஸ்டார்ட் செய்தால் சில நிமிடம் புகை வரும், பிறகு நிற்கும். முதலில் எழுதி வைத்த காற்றளவை இப்போது மறுபடி எடுத்துப் பக்கத்தில் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து ஒப்பிட்டுப் பார்க்க அந்த எண் உதவும்.

மறுபடி சேராமல் இருக்க

ஆயில் மாற்றுவதைக் கிலோமீட்டரில் மட்டும் எண்ணாதீர்கள். சராசரி 50 கிலோமீட்டர் வேகத்தில் 10,000 கிலோமீட்டர் என்றால் எஞ்சின் ஓடியது 200 மணி நேரம். சராசரி 20 என்றால் அதே 10,000க்கு 500 மணி நேரம். உங்கள் வண்டியின் திரையில் சராசரி வேகம் தெரியும். அது 20ஐ ஒட்டி இருந்தால் 7,000லேயே மாற்றிவிடுங்கள். டி.பி.எஃப். உள்ள வண்டிக்குக் கையேடு சொல்லும் குறைந்த சாம்பல் ஆயிலையே வாங்குங்கள். 5டபிள்யூ-30 என்ற தடிமன் எண் மட்டும் பொருந்தினால் போதாது, ஏ.சி.இ.ஏ. சி3 போன்ற தரக் குறியீடும் டப்பாவில் இருக்க வேண்டும். அந்தத் தரத்தில் ஆவியாகும் அளவுக்கு 13 சதவீத வரம்பு இருக்கிறது. ஆவியாவது குறைந்தால் இன்டேக்குக்கு வருவதும் குறையும்.

மைலேஜுக்காக நான்காவது கியரில் 1,200 ஆர்.பி.எம்.மில் இழுத்துக்கொண்டு போவது கரிக்கு நேர்வழி. ஒரு கியர் குறைத்து 1,800க்கு மேல் வைத்திருங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பெருங்களத்தூர் - புழல் பைபாஸிலோ வண்டலூர் - மீஞ்சூர் வெளிவட்டச் சாலையிலோ அரைமணி நேரம் 2,000 முதல் 2,500 ஆர்.பி.எம்.மில் ஓட்டினால் ஆயிலில் உள்ள ஈரம் போகும், டி.பி.எஃப். எரிப்பும் முழுதாக முடியும். ஏற்கெனவே மேனிஃபோல்டில் இறுகிய பசையை இது எடுக்காது. அங்கே அந்த அளவு வெப்பம் வருவதே இல்லை. நீண்ட ஓட்டத்துக்குப் பின் அணைக்கும் முன் ஒரு நிமிடம் ஐட்லிங்கில் விட்டால் டர்போவின் ஆயில் அங்கேயே கருகாது.

கேட்ச் கேன் பற்றிப் பலர் கேட்கிறார்கள். பிரீதருக்கும் டர்போ வாய்க்கும் நடுவில் வைத்து ஆயிலைப் பிரிக்கும் சிறு டப்பா அது. வேலை செய்யும், ஆனால் தெர்மோஸ்டாட்டும் ஆயில் மட்டமும் சரியான பிறகுதான் அதற்கு இடம். வெறும் டப்பா பயனில்லை. உள்ளே தடுப்பும் கம்பி வலையும் இருக்க வேண்டும். ஹோஸ் ஆயில் தாங்கும் ரப்பராகவும், உள்விட்டம் கம்பெனி ஹோஸைவிடக் குறையாமலும் இருக்கட்டும். நடுவில் தொய்வு விழாமல் டப்பாவை நோக்கிச் சரிய வேண்டும், புகைக்குழாய்க்குப் பக்கத்தில் கட்டக்கூடாது. வெளிவாயைத் திறந்து விடாமல் டர்போ பக்கத்தோடு இணையுங்கள். முதல் 500 கிலோமீட்டரில் திறந்து பாருங்கள், பிறகு 1,000க்கு ஒருமுறை. மழைக் காலத்தில் ஆயிலைவிடத் தண்ணீர் கலந்த குழம்பே அதிகம் இருக்கும். காலி செய்ய மறக்கிறவர்கள் பொருத்தாமல் இருப்பதே மேல்: நிரம்பினால் மொத்தமாக இன்டேக்குக்குள் போகும், அடைத்தால் அழுத்தம் தேங்கி ஆயில் சீல் பிதுங்கும். உத்தரவாதம் இருக்கும் வண்டி என்றால் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

தகடு வெட்டி ஈ.ஜி.ஆரை அடைத்துவிடுவது பல இடங்களில் ஐந்து நிமிட வைத்தியமாகச் செய்யப்படுகிறது. கரி நிற்கும் என்பது உண்மை. கூடவே எரியும் வெப்பம் ஏறி நைட்ரஜன் ஆக்சைடு கூடும் என்பதும் உண்மை. டீசல் வண்டிக்குப் பொல்யூஷன் சர்டிஃபிகேட் எடுக்கும்போது புகையின் அடர்த்தியைத்தான் அளக்கிறார்கள், நைட்ரஜன் ஆக்சைடை அல்ல. அதனால் அடைத்த வண்டியும் தேறிவிடும். அந்த வாயுவைச் சிக்னலில் பக்கத்து ஸ்கூட்டரில் நிற்பவர் சுவாசிக்கிறார். வண்டிக்கும் நன்மையில்லை: ஈ.சி.யு. எதிர்பார்த்ததைவிடக் காற்று கூடுதலாக வருவதைக் கண்டு பி0401 (ஈ.ஜி.ஆர். புகை குறைவு) போட்டு லிம்ப் மோடுக்குத் தள்ளும், டி.பி.எஃப். எரிப்பையும் நிறுத்திவைக்கும். ஏற்கெனவே தகடு வைத்த வண்டியை வாங்கியிருந்தால் ஈ.ஜி.ஆர். குழாயின் இரண்டு முனையிலும் பேக்கிங்கைக் கழற்றிப் பாருங்கள். துளையில்லாத தகடு இருந்தால் எடுத்துவிட்டு, வால்வைச் சுத்தம் செய்து, புது பேக்கிங்கோடு பூட்டி அடாப்டேஷன் செய்யுங்கள்.